மிளகாய் எண்ணெய் மூட்டுவலிக்கு மருந்தல்ல

ஆசிரியருக்கு,

மூட்டுவலிக்கு வரமிளகாயை நல்லெண்ணெயில் காய்ச்சித் தடவலாம் என்று தங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த குறிப்பு பாதிதான் சரி. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் வலிமருந்து என்பதில் ஐயமில்லை. அது போய்ப் பற்றுகிற டிஆர்பிவி1 என்ற நரம்பு ஏற்பியை 1997இல் அடையாளம் காட்டிய அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸ், 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஏறத்தாழ 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் விழித்துக்கொள்ளும் ஏற்பி அது. கேப்சைசின் பட்டாலும் விழிக்கும். சூடே இல்லாமல் தோல் காந்துவது அதனால்தான். திரும்பத் திரும்பத் தூண்டினால் தோலில் உள்ள மெல்லிய நரம்பு நுனிகள் சில காலம் செயலிழந்து, வலியைக் கடத்துவது குறைகிறது. முதலில் காந்தல், பிறகே நிவாரணம்.

குறிப்பு சறுக்கியது அளவில். மருந்துக் களிம்பில் கேப்சைசின் 0.025% அல்லது 0.075% இருக்கும். அதாவது 100 கிராமில் 25 அல்லது 75 மில்லிகிராம். 16,000 ஸ்கோவில் (காரத்தை அளக்கும் அலகு) காரமுள்ள வரமிளகாய் 100 கிராமிலோ சுமார் 100 மில்லிகிராம் இருக்கும். ரகத்துக்கு ரகம், காய்க்குக் காய் இது பல மடங்கு மாறும். கேப்சைசின் எண்ணெயில் நன்றாகக் கரைவது. காய்ச்சிய எண்ணெயில் எவ்வளவு இறங்கியது என்று அடுப்படியில் யாரால் சொல்ல முடியும்? கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும்.

களிம்பு தரும் பலன் தோலுக்கு அருகில் உள்ள வலிக்கே. முழங்கால் தேய்மானம், கைவிரல் மூட்டு, அக்கி ஆறிய பின் தங்கிவிடும் நரம்பு வலி, சர்க்கரை நோயில் வரும் பாத எரிச்சல் ஆகியவற்றில் பயன் உண்டு. ஆழத்தில் உள்ள இடுப்பு மூட்டுக்கு எட்டாது. முழங்காலுக்குப் பட்டாணி அளவு எடுத்து, தோலில் வெள்ளை தெரியாதவரை தேய்க்க வேண்டும். தினம் மூன்று நான்கு முறை, விடாமல். பூசியதும் சோப்பால் கை கழுவ வேண்டும். கைவிரலுக்கே பூசினால் அரைமணி கழித்து. குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் பூசக்கூடாது. மேலே இறுக்கிக் கட்டுவதும் வெந்நீர் ஒத்தடமும் கூடவே கூடாது. வியர்வையிலும் காந்தல் கூடும் என்பதால் நம் ஊர்ச் சித்திரை வெயிலில் இதைத் தொடங்குவது சிரமமே. தடிமனாக அப்பினால் காய்ந்த துகள் பறந்து மூக்கில் ஏறி இருமலும் தும்மலும் வரும்.

பெரும்பாலோர் தோற்பது முதல் வாரத்தில். காந்தலைத் தாங்காமல் நிறுத்துகிறார்கள், அல்லது வலித்தபோது மட்டும் பூசுகிறார்கள். அப்படி விட்டுவிட்டுப் பூசினால் நரம்பு நுனி அடங்குவதே இல்லை. ஒவ்வொரு தடவையும் காந்தல் மட்டும் மிஞ்சும். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அதற்குள் ‘மருந்து பிடிக்கவில்லை’ என்பது அவசர முடிவு.

இன்னொன்று: நம் கடைகளில் கேட்டவுடன் கிடைக்கும் ஜெல்களில் பல, கேப்சைசினோடு டைக்ளோஃபினாக், மெத்தில் சாலிசிலேட், மெந்தால் எல்லாம் சேர்ந்த கலவை. மெத்தில் சாலிசிலேட் தோல் வழியே இரத்தத்தில் கலக்கும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர் இதை நிறையப் பூசினால் இரத்தக்கசிவு ஏற்படலாம். ஆஸ்பிரின் ஒவ்வாதவருக்கும் ஆகாது. டியூபின் பின்புறப் பொடி எழுத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

இதன் உச்சம், தோலில் ஒட்டும் 8% கேப்சைசின் பேட்ச். 2009இல் அக்கிக்குப் பிந்தைய வலிக்கும், 2020இல் சர்க்கரை நோயாளிகளின் பாத வலிக்கும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் (எஃப்டிஏ) அனுமதித்தது. முன்னதற்கு 60 நிமிடம், பாதத்துக்கு 30 நிமிடம். அடுத்தது மூன்று மாதம் கழித்தே. மருத்துவர் மேற்பார்வையில்தான் ஒட்டுவார்கள். ஒட்டும்போது இரத்த அழுத்தம் ஏறக்கூடும் என்பதால் அதையும் கவனிப்பார்கள். சாதாரண ரப்பர் (லேடெக்ஸ்) கையுறையை ஊடுருவிவிடும் என்பதால் நைட்ரைல் கையுறைதான் போடவேண்டும்.

புண், வெடிப்பு, ஆறாத அக்கிக் கொப்புளம் இருக்கும் இடத்தில் இவற்றில் எதையுமே பூசக்கூடாது. மரத்துப்போன பாதமுள்ள சர்க்கரை நோயாளி மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். தோல் வெந்தாலும் அவருக்குத் தெரியாது.

குறிப்பைப் படித்து எண்ணெயைத் தடவிக்கொண்டு அவதிப்படுபவர்கள் உடனே தண்ணீர் ஊற்ற வேண்டாம், கேப்சைசின் அதில் கரையாது. சமையல் எண்ணெய் தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு சோப்பு போட்டுக் கழுவி, குளிர்ந்த ஈரத்துணி வையுங்கள். கண்ணில் பட்டிருந்தால் மட்டும் சுத்தமான தண்ணீரால் நெடுநேரம் கழுவ வேண்டும். கொப்புளம் எழும்பினால் மருத்துவரிடம் போங்கள்.

– மருந்தாளுநர், மதுரை