அந்தமானில் ஆழ்கடல் முக்குளிக்கச் செல்வோருக்கு: நான்கு இரவுத் திட்டத்தை நாங்கள் நிறுத்துவது ஏன்?

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். அந்தமானின் ஸ்வராஜ் தீவுக்கு ஸ்கூபா டைவிங் செய்யச் செல்வோருக்காக இதுவரை நாங்கள் வழங்கிவந்த நான்கு இரவுத் திட்டத்தை வரும் பருவத்திலிருந்து நிறுத்துகிறோம். இனிமேல் ஆறு இரவுகளுக்குக் குறைந்த எந்தப் பயணத்தையும் நாங்கள் பதிவு செய்யப்போவதில்லை. இதை அறிவித்ததிலிருந்து, கூடுதலாக இரண்டு இரவுக் கட்டணம் வாங்குவதற்கான ஏற்பாடா இது என்று சிலர் தொலைபேசியில் நேரடியாகவே கேட்டுவிட்டார்கள். கேட்டதில் தவறில்லை, விளக்கம் சொல்லாமல் அறிவித்தது எங்கள் குறை. அந்த விளக்கமே இந்த மடல்.

முக்குளிக்கும் பயணத்துக்குத் திட்டம் போடும்போது திரும்பி வரும் விமானத்திலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வர வேண்டும். நீருக்கடியில் அழுத்தம் கூடிய காற்றைச் சுவாசிக்கும்போது அதிலுள்ள நைட்ரஜன் வழக்கத்தைவிட அதிகமாக உடலில் கரைகிறது. மேலே வந்த பிறகும் அது முழுவதுமாக வெளியேறப் பல மணி நேரமாகும். விமானம் பறக்கும்போது அதன் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் ஏறத்தாழ 1,800 முதல் 2,400 மீட்டர் உயரமுள்ள மலைமீது இருப்பதற்குச் சமம், அதாவது ஊட்டியின் உயரம். கோலி சோடாவின் கோலியை உள்ளே தள்ளியதும் அதுவரை கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருந்த வாயு குமிழிகளாகப் பொங்குகிறதே, அழுத்தம் சட்டென்று குறையும்போது உடலில் மிச்சமிருக்கும் நைட்ரஜனும் அப்படித்தான் குமிழியாகும். மூட்டுவலியில் தொடங்கிப் பக்கவாதம் வரை அது கொண்டுபோய் விடக்கூடும். இதனால்தான், ஒரே ஒரு முறை முக்குளித்தவர் குறைந்தது 12 மணி நேரமும், ஒரு நாளில் பல முறையோ தொடர்ந்து பல நாட்களோ முக்குளித்தவர் குறைந்தது 18 மணி நேரமும் கழித்தே விமானம் ஏற வேண்டும் என்று முக்குளிப்போர் பாதுகாப்புக்கான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பு அறிவுறுத்துகிறது. நாங்கள் 24 மணி நேரத்தைக் கணக்கில் வைத்துக்கொள்கிறோம்.

சில பருவங்களுக்கு முன்பு, நான்கு இரவுத் திட்டத்தில் சென்ற ஒரு குழுவுக்கு இரண்டாம் நாள் கடல் கொந்தளித்ததால் படகுகள் எதுவும் புறப்படவில்லை. இழந்த நாளுக்கு ஈடாகக் கடைசி நாள் பிற்பகலில் இறங்குகிறோம் என்று அவர்கள் கேட்டார்கள். மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர்களுக்கு விமானம். அங்கிருந்த பயிற்றுநர் முடியாது என்று மறுத்துவிட்டார். அவர் செய்தது முழுக்கச் சரி. ஆனால் காசு கொடுத்து அவ்வளவு தூரம் சென்றவர்கள் ஒரே ஒரு முறை நீருக்குள் போய்விட்டுத் திரும்பினார்கள் என்பதும் உண்மை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம் என்றாலும், ஒரு நாள்கூட மிச்சம் வைக்காமல் அந்தத் திட்டத்தை விற்றவர்கள் நாங்கள்தானே.

இனி, ஆறு இரவுகள் எப்படிச் செலவாகின்றன என்பதைச் சொல்கிறோம். சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். போர்ட் பிளேர் என்று நாம் பழகிய நகரம் 2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம். ஹேவ்லாக் 2018 டிசம்பரிலேயே ஸ்வராஜ் தீவு ஆகிவிட்டது. பழைய பெயர்களும் புதிய பெயர்களும் சீட்டுகளில் மாறி மாறி வருவதைப் பார்த்து, தவறான ஊருக்குப் பதிவாகிவிட்டதோ என்று யாரும் கலங்க வேண்டாம். நகரிலிருந்து தீவு வடகிழக்கே சுமார் 40 கிலோமீட்டர். தனியார் விரைவுப் படகானாலும் அரசுக் கப்பலானாலும் ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரம் பிடிக்கும். பிற்பகலில் விமானம் இறங்குபவர்களுக்கு அன்றைக்கே படகு கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆகவே முதல் இரவு நகரில், அடுத்த நான்கு இரவுகள் தீவில், கடைசி இரவு மீண்டும் நகரில். தீவில் முழுமையாகக் கிடைக்கும் மூன்று நாட்களில் இரண்டு நாட்கள் முக்குளிப்பதற்கு. மூன்றாவது கடலுக்கு விட்டுவைத்த நாள். காற்றடித்துப் படகு நின்றால் அந்த நாள் கைகொடுக்கும். கடல் அமைதியாக இருந்தால் அன்றும் இறங்கலாம், அதற்கு மட்டும் தனிக் கட்டணம். ஆறாம் நாள் படகில் திரும்பி செல்லுலார் சிறையைப் பார்த்துவிட்டு, ஏழாம் நாள் விமானம்.

அந்தமானின் பொழுதும் நம் பொழுதல்ல. இந்திய நேரம் கிழக்கு 82.5 பாகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அந்தமானோ ஏறத்தாழ 93 பாகையில் இருக்கிறது. சூரியன் அங்கே நம் கடிகாரத்துக்கு வெகு முன்னதாகவே எழுந்துவிடுகிறது, குளிர்காலத்தில் மாலை ஐந்தரைக்குள் இருட்டியும் விடுகிறது. முக்குளிக்கும் படகுகள் காலை ஆறு, ஆறரைக்கே கிளம்புவது இதனால்தான். விடுமுறைக்கு வந்தும் விடியலில் எழுப்புகிறார்களே என்பது ஆண்டுதோறும் எங்களுக்கு வரும் புகார். இதில் எங்களால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

எந்த மாதம் போகலாம் என்பதில்தான் தமிழ்க் குடும்பங்களுக்குப் பெரிய சிக்கல். நம் பள்ளிகளின் கோடை விடுமுறை மே மாதத்தில் வருகிறது. தென்மேற்குப் பருவமழையோ கேரளத்தைத் தொடுவதற்கு முன்பாகவே, வழக்கமாக மே மூன்றாம் வாரத்தையொட்டி, அந்தமானைத் தொட்டுவிடுகிறது. அதன்பின் கடல் கலங்கும், படகுகள் ரத்தாகும். அரையாண்டு விடுமுறையில் போகலாமென்றால் டிசம்பரில் கூட்டமும் விமானக் கட்டணமும் உச்சத்தில் இருக்கும். வங்கக் கடலில் புயல் உருவாகும் காலமும் இன்னும் முடிந்திருக்காது. எங்கள் அனுபவத்தில் ஜனவரி பிற்பாதி முதல் ஏப்ரல் கடைசி வரை உள்ள நாட்களே நம்பத்தக்கவை. தேர்வு முடிந்து ஏப்ரல் இறுதியில் கிளம்ப முடிந்த குடும்பங்கள் அப்படியே செய்யுங்கள். மே பத்தாம் தேதிக்குப் பிறகு முக்குளிக்கும் பயணத்துக்கு நாங்கள் முன்பதிவு வாங்குவதில்லை.

விளம்பரப் படங்களைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. 2010 கோடையில் கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடேறியதால் அந்தமானின் பவளப்பாறைகள் பெருமளவில் வெளுத்துப்போயின. 2016இலும் அப்படி நேர்ந்தது. கரையோர ஆழமற்ற பகுதிகளில் அதன் தழும்பை இன்றும் காணலாம். அங்கேயும் கோமாளி மீனும் கிளிமீனும் உண்டு, ஆனால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பவளத் தோட்டம் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஆழத்தில் உள்ள பாறைக் குன்றுகள் வேறு உலகம்: டிக்சன்ஸ் பினக்கிள், ஜானிஸ் கார்ஜ் போன்ற இடங்களில் மென்பவளம் போர்த்திய பாறைகளைச் சுற்றிச் சீலா மீன் கூட்டமும் பெரிய களவாக்களும் நிற்கும். அந்த இடங்களின் பெரும்பகுதி 18 மீட்டருக்கும் கீழே இருப்பதால் மேம்பட்ட பயிற்சிச் சான்றிதழ் உள்ளவர்களையே அங்கு அழைத்துச் செல்வார்கள்.

நீச்சல் தெரியாதவர்கள் போகலாமா என்ற கேள்விக்கு, போகலாம் என்பதே பதில். பயிற்றுநர் கையைப் பிடித்து அழைத்துச் செல்லும் அறிமுக முக்குளிப்புக்கு நீச்சல் தேவையில்லை. அதில் 12 மீட்டருக்கு மேல் ஆழம் போக மாட்டார்கள், பத்து வயது நிறைந்த குழந்தைகளும் இறங்கலாம். சான்றிதழ் தரும் ஓபன் வாட்டர் பயிற்சிக்கோ 200 மீட்டர் நீந்தவும் பத்து நிமிடம் மிதக்கவும் தெரிய வேண்டும். பாடங்களைச் சென்னையிலேயே இணையவழி முடித்துவிட்டு வந்தாலும் கடலுக்கு விட்டுவைக்கும் நாள் போக அதற்குத் தீவில் மூன்று நாட்கள் முழுமையாக வேண்டும் என்பதால், அவர்களுக்கு மட்டும் ஏழு இரவுகள். இன்னொன்று: முதுகில் சுமப்பது ஆக்சிஜன் சிலிண்டர் என்று நம் செய்தித்தாள்கள் எழுதிவருவது தவறு. அதில் இருப்பது அழுத்தி அடைத்த சாதாரணக் காற்றுதான்.

முன்பணம் கட்டும் முன்பே மருத்துவப் படிவத்தை நிரப்பி அனுப்பச் சொல்வதும் இந்த ஆண்டின் புதிய நடைமுறை. முன்பு இந்தப் படிவத்தைத் தீவில் போய்த்தான் நிரப்புவீர்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், காது அறுவை சிகிச்சை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றுக்கு "ஆம்" என்று குறித்தால், மருத்துவரின் ஒப்புதல் கையெழுத்தில்லாமல் உங்களை நீரில் இறக்க மாட்டார்கள். அந்தத் தீவில் அப்போது மருத்துவரைத் தேடி அலைவதைவிட, உங்கள் நோய் வரலாறு தெரிந்த மருத்துவரிடம் இங்கேயே கேட்டுவிடுவது எளிது. படகு ஏறும் ஆவலில் "இல்லை" என்று குறித்துவிடுபவர்களும் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அழுத்தப் பாதிப்புக்குச் சிகிச்சை தரும் அறை ஸ்வராஜ் தீவில் கிடையாது, கடல் கடந்து நகருக்குத்தான் கொண்டுபோக வேண்டும். கர்ப்பிணிகள் எந்நிலையிலும் முக்குளிக்கக் கூடாது. சாதாரணச் சளியும் போதும், காது அடைத்துக்கொண்டு இரண்டு மீட்டருக்குக் கீழே போக முடியாமல் செய்துவிடும். மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கினால், மருந்தின் வேகம் ஆழத்தில் தீரும்போது மேலே வருவது சிரமமாகிவிடும்.

மற்றவை சிறியவை. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்த பிறகு இணையம் முன்னைவிட மேல்தான், ஆனாலும் கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கரையில் கிடக்கும் பவளத் துண்டுகளையும் சங்குகளையும் பையில் போடாதீர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றமாகலாம், விமான நிலையத்திலும் பைகளைச் சோதிக்கிறார்கள். முதலை எச்சரிக்கைப் பலகை உள்ள கரையில் குளிக்க இறங்காதீர்கள்: 2010இல் ஸ்வராஜ் தீவிலேயே நீரில் மிதந்தபடி பவளம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வெளிநாட்டுப் பயணி உப்புநீர் முதலை தாக்கி இறந்தார்.

நான்கு இரவுத் திட்டத்துக்கு ஏற்கெனவே முன்பணம் கட்டியிருப்பவர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். கூடுதல் இரண்டு இரவுகளுக்கு விடுதி வாடகையை மட்டும் செலுத்தினால் போதும். எங்கள் சேவைக் கட்டணத்தையும் விமானச் சீட்டின் தேதி மாற்றுக் கட்டணத்தையும் நாங்களே ஏற்றுக்கொள்கிறோம். அது வசதிப்படாதவர்களுக்கு முன்பணம் முழுவதும் பிடித்தமின்றித் திருப்பித் தரப்படும். எதுவாயினும் இம்மாத இறுதிக்குள் தெரிவித்துவிட்டால், பிப்ரவரி மாதப் படகுச் சீட்டுகள் தீர்ந்துபோவதற்குள் பதிவு செய்ய எங்களுக்கு வசதியாக இருக்கும். மருத்துவப் படிவத்தை இம்மடலுடன் இணைத்திருக்கிறோம். குடும்பத்தில் நீருக்குள் இறங்கப்போகும் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் படிவம் வேண்டும்.

இப்படிக்கு,
பயண ஏற்பாட்டுப் பிரிவினர்