வளவுத் தரையை உடைக்காதீர்கள்: பள்ளி நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் இரண்டாங்கட்டு (கட்டடத்தின் இரண்டாவது பகுதி) வகுப்பறைகளில் நடந்த தரை வேலை உங்கள் ஒப்புதலோடு நடந்தது. அதனால் அதை விவரிக்கத் தேவையில்லை. பள்ளி திறந்த அன்று ஆத்தங்குடி கல் (ஆத்தங்குடியில் கையால் செய்யும் வண்ணச் சிமெண்டுத் தரைக்கல்) இருந்த இடத்தில் பளிங்கு மாதிரி அச்சடித்த வெள்ளை டைல்ஸ் இருந்தது. பெயர்த்த கற்கள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பள்ளத்தில் கிடந்தன. கணக்குப் பாடம் நடத்துபவள் என்ற முறையில் அப்போதே மனு கொடுத்தேன். பதில் வரவில்லை. இப்போது அரையாண்டு விடுமுறையில் வளவுத் தரையையும் (நடு முற்றத்தைச் சுற்றியுள்ள தரை) மாற்றப் போவதாகக் கேள்விப்படுகிறேன். தயவுசெய்து அதை உடைக்காதீர்கள் என்று கேட்பதற்குத்தான் இந்த மடல்.

ஏழாம் வகுப்புத் தரையில் என்ன இருந்தது என்று உங்களில் எத்தனை பேர் குனிந்து பார்த்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது. பத்து அங்குலச் சதுரக் கல். நடுவில் மெரூன் நிறத்தில் ஓர் எண்கோணம், நான்கு மூலையிலும் மஞ்சள் முக்கோணம். ஒரு கல்லைத் தனியாகப் பார்த்தால் அவ்வளவுதான். நான்கு கற்கள் சேரும் இடத்தில் நான்கு முக்கோணங்களும் கூடி ஒரு மஞ்சள் சதுரம் ஆகும். அந்தச் சதுரம் எந்தக் கல்லிலும் கிடையாது, தரையில்தான் உண்டு. அதன் ஒரு முனையில் சாக்பீஸால் புள்ளி வைத்து, சுற்றியுள்ள கோணங்களை அளக்கச் சொல்வேன். எண்கோணத்துக்கு 135, பக்கத்து எண்கோணத்துக்கு இன்னொரு 135, சதுரத்துக்கு 90. கூட்டினால் 360. இடைவெளி இல்லாமலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமலும் ஒரு தரை எப்படி நிரம்புகிறது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

அப்புறம் காலண்டர் அட்டையில் ஒழுங்கு ஐங்கோணங்கள் வெட்டிக் கொடுப்பேன். கோணம் 108. மூன்றை ஒட்டி வைத்தால் 324தான், 36 டிகிரிக்குச் சந்து விழும். நான்காவதைத் திணித்தால் ஏறிக்கொள்ளும். எல்லாப் பக்கமும் எல்லாக் கோணமும் சமமான ஒரே வடிவத்தால் தரையை நிரப்ப வேண்டுமென்றால் முக்கோணம், சதுரம், அறுகோணம் மூன்றுக்குத்தான் முடியும் என்று அவர்களாகவே கண்டுபிடிப்பார்கள். "பக்கம் சமமாக இல்லாத ஐங்கோணம் என்றால்?" என்று ஒரு பிள்ளை கேட்கும். அங்கேதான் அமெரிக்காவில் பள்ளிக் கணக்கோடு நிறுத்திக்கொண்ட மார்ஜரி ரைஸ் என்ற இல்லத்தரசியைப் பற்றிச் சொல்வேன். 1970களில் ஒரு பத்திரிகைப் பத்தியைப் படித்துவிட்டு, தரையை நிரப்பக்கூடிய ஐங்கோணங்களில் நான்கு புது வகைகளைக் கண்டுபிடித்தவர் அவர். அத்தகைய குவி ஐங்கோணங்கள் (எந்த முனையும் உள்நோக்கி மடங்காதவை) மொத்தம் 15 வகைதான் என்பது 2017இல்தான் கணினி உதவியோடு நிறுவப்பட்டது. இதைக் கேட்டதும் பெண் பிள்ளைகள் முகத்தில் வரும் மாற்றத்தை நீங்கள் ஒரு முறையாவது வந்து பார்த்திருக்கலாம்.

இந்த ஆண்டு அதே பாடத்தைக் கரும்பலகையில் நடத்தினேன். என்னதான் கவனமாக வரைந்தாலும் நான்கு எண்கோணங்களை வரைவதற்குள் கோடு விலகிவிடுகிறது, நடுவில் வருவது சதுரமாக இல்லை. "பொருந்தலையே டீச்சர்" என்றான் முன்பெஞ்சுப் பையன். பொருந்தும் என்று நான் சொல்ல, சரி என்று எழுதிக்கொண்டார்கள். போன ஆண்டுப் பிள்ளைகள் அளந்து தெரிந்துகொண்டதை இந்த ஆண்டுப் பிள்ளைகள் என் வாய்ச்சொல்லை நம்பி எழுதிக்கொள்கிறார்கள். இந்த இழப்பு உங்கள் செலவுக் கணக்கில் எந்தப் பத்தியிலும் வராது.

கல் விரிசல் விட்டது, கறை போகவில்லை என்று காரணம் சொன்னார்கள். விரிசல் விட்டவை சில கற்கள்தான். அவற்றைச் செய்கிற ஊர் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சட்டத்துக்குள் கண்ணாடியை வைத்து, அதன்மேல் உலோக அச்சை நிறுத்தி, ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் போட்டு மட்டம் தட்டுகிறார்கள். தண்ணீரில் ஊறிக் காய்ந்த பிறகு கண்ணாடி கல்லை விட்டு வந்துவிடும். சூளை கிடையாது. துடைக்கத் துடைக்க மெருகு ஏறும். உடைந்ததற்கு ஈடாக அதே பூவில் கல் செய்து வாங்க முடிகிற ஊரில் இருந்துகொண்டு, ஒரு தரை முழுவதையும் பெயர்த்திருக்கிறோம்.

நம் செட்டிநாட்டுப் பக்கத்துப் பழைய வீடுகளின் தூணும் கதவும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விலைக்குக் கிடக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வந்து இந்தத் தரைகளைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். எஷர் என்ற ஓவியர் ஸ்பெயினின் அல்ஹம்பிரா அரண்மனைக்கு 1922இலும் 1936இலும் போய், அங்கே ஓடு பதித்த சுவர்களைப் பார்த்து வரைந்துகொண்டு வந்தார், அவருடைய பெயர் பெற்ற படங்களுக்கு அது ஊற்று என்கிறது உலகம். நம் பிள்ளைகளுக்கு அப்படி எங்கும் போக வேண்டியதில்லை, காலுக்குக் கீழேயே இருந்தது. பள்ளிக்கூடம் நடத்துகிறவர்களே அதைக் குப்பையாக நினைத்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

மன்னிக்க வேண்டும், கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். வளவில் மிச்சமிருக்கும் பூத்தரை எட்டாம் வகுப்புச் சமச்சீர் பாடத்துக்கு எனக்கு இருக்கும் ஒரே துணை. பூவின் நடுவில் நின்று கால் சுற்று (90 டிகிரி) சுற்றினால் தரையின் தோற்றம் மாறாது. நான்கு கற்கள் சேரும் முனையிலும் அப்படியே. இரண்டு கற்கள் ஒட்டும் விளிம்பின் நடுவில் அரைச் சுற்றுச் சுற்றினால்தான் பொருந்தும். பிள்ளைகள் நின்று சுற்றிப் பார்த்தே இதைக் கண்டுபிடிக்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் தளக் கோலங்கள் எல்லாமே சமச்சீரில் 17 வகைக்குள் அடங்கும் என்று 1891இல் ரஷ்ய அறிஞர் ஃபெடரோவ் நிறுவியதைச் சொல்லும்போது, அதில் ஒன்றின் மேல் அவர்கள் நின்றுகொண்டிருக்கிறார்கள்.

ஆகவே வளவுத் தரையை உடைக்க வேண்டாம். விரிசல் விட்ட கற்களை மட்டும் ஆத்தங்குடியில் செய்து மாற்றுங்கள். பள்ளத்தில் கிடப்பவற்றில் முழுக் கற்களும் இருக்கின்றன. மண் போட்டு மூடுவதற்குள் அவற்றை எடுத்துக் கழுவி அடுக்க எனக்கு அனுமதி கொடுங்கள், ஆள் கூலியை நானே பார்த்துக்கொள்கிறேன். அடுத்த குழுக் கூட்டத்தில் இதை எடுத்து, முடிவை எழுத்தில் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பள்ளியின் கணித ஆசிரியை