வீட்டுப் பெரியவர்களின் போன் விஷயமாக

அனைவருக்கும் வணக்கம். "ஓடிபி சொல்லாதீங்க" என்று பெரியவர்களிடம் சொல்லிவிட்டாலே போதும் என்று இருந்துவிடாதீர்கள். போனில் கூப்பிடும் மோசடிக்காரர்கள் முதலில் செய்வது யோசிக்க விடாமல் பதறவைப்பதுதான். "லைனைக் கட் பண்ணாதீங்க, வீட்டில் யாருக்கும் சொல்லாதீங்க" என்று ஒருவர் சொன்னாலே போனை வைத்துவிடலாம். ஒருவர் பேசும்போது பாதியில் போனை வைக்க நம் பெரியவர்களுக்குக் கூச்சம். அது மரியாதைக் குறைவு இல்லை என்று நாம்தான் பக்கத்தில் உட்கார்ந்து புரியவைக்க வேண்டும்.

திரையில் வங்கியின் பெயரே வந்தாலும் நம்ப வேண்டாம், அதையும் போலியாகக் காட்ட முடியும். கார்டின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நாமே கூப்பிட்டுக் கேட்கலாம். "உதவி செய்கிறேன், இந்த ஆப்பைப் போடுங்கள்" என்று அவர்கள் சொல்வதைக் கேட்டுப் போட்டுவிட்டால் மொத்த போனும் அவர்கள் கைக்குப் போய்விடும்.

பேரன் குரலில் அழுதபடி பணம் கேட்டாலும் நிதானிக்கச் சொல்லுங்கள். இப்போது குரலையும் நகலெடுக்கிறார்கள். குடும்பத்துக்குள் ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தயவுசெய்து இந்தக் குழுவில் போடாதீர்கள், நேரில் சொல்லுங்கள்.

யாராவது ஏமாந்துவிட்டால் திட்டவே கூடாது. திட்டுக்குப் பயந்து மறைத்தால் பணத்தை மீட்கும் நேரம் போய்விடும். உடனே வங்கிக்குச் சொல்லிக் கணக்கை முடக்குங்கள், அப்புறம் போலீஸில் புகார் கொடுங்கள்.