தளர்வதும் ஒரு வேலைதான்: புழுத் தசை பற்றித் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

தசைச் சுருக்கத்தில் இனிமேல் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது, கால்சியம் வந்தால் சுருங்கும், போனால் தளரும், அவ்வளவுதானே என்று கேட்டிருந்தாய். பரீட்சைக்கு அந்தப் பதில் போதும். புழு ஆய்வகத்தில் சேரப்போகிறவனுக்குப் போதாது. சுருங்குவதைப் பற்றி உன்னோடு எனக்குச் சண்டை இல்லை. 'போனால் தளரும்' என்று ஒரே தாவாகத் தாண்டினாயே, அங்கேதான் சண்டை.

நீ படித்தது முயல், தவளைத் தசையின் கதை. 1960களில் ஜப்பானில் செட்சுரோ எபாஷி குழுவினர் ட்ரோபோனின் என்ற தசைப் புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். தசை சுருங்குவது மையோசின் என்ற புரதம் ஆக்டின் என்ற இழைப் புரதத்தைப் பிடித்து இழுப்பதால். அந்த ஆக்டின் இழையின் மேல் ட்ரோப்போமையோசின் என்ற இன்னொரு புரதம் படுத்துக்கொண்டு, மையோசின் பிடிக்க வேண்டிய இடத்தை மறைத்திருக்கும். ட்ரோபோனினில் கால்சியம் ஒட்டியதும் ட்ரோப்போமையோசின் நகர்ந்து வழிவிடும். பூட்டு ஆக்டின் பக்கம் என்று வைத்துக்கொள். 1970இல் கெண்ட்ரிக்-ஜோன்ஸ், லேமன், சென்ட்-ஜியார்ஜி மூவரும் சிப்பி போன்ற மெல்லுடலிகளின் தசையைப் பார்த்தபோது பூட்டு எதிர்ப்பக்கம் இருந்தது. அங்கே கால்சியம் மையோசினிலேயே போய் ஒட்டுகிறது.

பூட்டு எந்தப் பக்கம் என்று அறிய அவர்கள் வைத்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. சோதிக்க வேண்டிய விலங்கின் மையோசினோடு, ட்ரோபோனின் துளியும் இல்லாத சுத்தமான முயல் ஆக்டினை ஏராளமாகச் சேர்க்க வேண்டும். பிறகு கால்சியத்தை அகற்றிவிட்டு, தசையின் எரிபொருளான ஏ.டி.பி. சிதையும் வேகத்தை அளக்க வேண்டும். வேகம் விழுந்தால் அந்த மையோசினுக்குச் சொந்தக் கட்டுப்பாடு உண்டு, விழாவிட்டால் இல்லை. 1975இல் லேமனும் சென்ட்-ஜியார்ஜியும் விலங்குலகத்தின் பல பிரிவுகளிலிருந்து தசை எடுத்து இப்படிச் சோதித்த முடிவுகளை வெளியிட்டார்கள். மண்புழுவின் இனமான வளையப்புழுக்களுக்கும் உருளைப்புழுக்களுக்கும் இரண்டு பூட்டுமே இருந்தன. பூச்சிகளுக்கும் அப்படியே. நெமர்டீன் என்ற இன்னொரு புழு வகைக்கு மையோசின் பூட்டு மட்டும். ஆக்டின் பூட்டை மட்டுமே நம்பியிருக்கும் சிறு கூட்டத்தில்தான் நம் எலும்புத் தசை சேர்கிறது. அதைத்தான் நமக்குப் பொது விதி என்று சொல்லிக்கொடுத்தார்கள்!

இனி உன் புழுவுக்கு வருகிறேன். சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற அந்த உருளைப்புழு ஒரு மில்லிமீட்டர் நீளம். வளர்ந்த இருபால் புழுவின் 959 உடற்செல்களில் 95 செல்கள் உடற்சுவர்த் தசை. அவை தலையிலிருந்து வால் வரை நான்கு பட்டைகளாக ஓடுகின்றன. (நம் உடலில் நரம்பு தசையைத் தேடிப் போகிறது, இங்கே தசைச் செல்தான் கை நீட்டி நரம்பைத் தொடுகிறது. தேர்வில் யாரும் கேட்கமாட்டார்கள், இருந்தாலும் தெரிந்துவைத்துக்கொள்.) ஒரு பக்கம் அசிட்டைல்கோலின் என்ற நரம்புச் செய்தி வேதிப்பொருளைப் பெற்றுச் சுருங்கும்போது, எதிர்ப்பக்கம் காபா என்ற இன்னொன்றைப் பெற்றுத் தளரும். அதனால்தான் உடல் வளைகிறது. காபா சுரக்காத பிறழ்வுப் புழுவின் தலையைத் தொட்டால், அது பின்வாங்குவதற்குப் பதிலாக இரண்டு பக்கமும் சேர்ந்து சுருங்கிக் குட்டையாகிவிடும். தளராத தசை எவ்வளவு உதவாதது என்பதற்கு இந்த ஒரு புழு போதும்.

ஆனால் நான் உனக்குக் காட்ட விரும்புவது அன்க்-22 என்ற மரபணுவில் பிறழ்வுள்ள புழு. இந்தப் புழுவை ஆய்வுக்குக் கொண்டுவந்த சிட்னி பிரென்னர் 1974இல் வெளியிட்ட பிறழ்வுகளில் அதுவும் ஒன்று. அகார் தட்டில் சாதாரணப் புழு பக்கவாட்டில் படுத்து அலை அலையாக ஊரும். அன்க்-22 புழுவை நுண்ணோக்கியில் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்த்தால் உடல் முழுக்க ஓயாத துடிப்பு தெரியும். ஒரு இடத்தில் துடித்து அடங்குவதற்குள் பக்கத்தில் இன்னொன்று. கோளாறு நரம்பில் இல்லை, தசைக்குள்ளேயே இருக்கிறது.

அந்த மரபணு எந்தப் புரதத்தைச் செய்கிறது என்று தெரிவதற்கு முன்பே, 1982இல் மோர்மன், வாட்டர்ஸ்டன் ஆகியோர் ஒரு அழகான காரியம் செய்தார்கள். துடிப்பை அடக்கும் இரண்டாவது பிறழ்வுகளைத் தேடினார்கள். சில அன்க்-54 மரபணுவில் கிடைத்தன. அது மையோசினின் கனச் சங்கிலிக்கான மரபணு. அந்தப் புழுக்களின் தசை அமைப்பில் குறை தெரியவில்லை, இயக்கம் மட்டும் மந்தம். ஆகவே அன்க்-22 செய்யும் புரதம் மையோசினோடுதான் வேலை செய்கிறது என்று, புரதத்தைப் பிரித்துப் பார்க்காமலே ஊகிக்க முடிந்தது. 1989இல் பெனியன் குழு அந்த மரபணுவின் வரிசையை வெளியிட்டபோது அது ஒரு ராட்சதப் புரதம், நம் தசையின் ராட்சதப் புரதமான டைட்டினுக்கு உறவு, உள்ளே மற்ற புரதங்களுக்குப் பாஸ்பேட் ஏற்றும் கைனேஸ் பகுதியும் உண்டு என்று தெரிந்தது. பெயர் ட்விச்சின். அந்தக் கைனேஸின் வால் தன் செயல்மையத்தையே அடைத்துக்கொண்டிருப்பதைப் படிகக் கட்டமைப்பு பிறகு காட்டியது.

அது பழுதானால் தசை ஓயாமல் துடிக்கிறது. ஆக, தளர்வதற்கென்றே ஒரு ராட்சதப் புரதத்தைத் தசை செலவழிக்கிறது. கடல் மட்டியிலும் இதன் உறவுப் புரதம் உண்டு. மட்டி தன் ஓடுகளை மணிக்கணக்கில் இறுக மூடிவைக்கும் தசையில், ட்விச்சினுக்குப் பாஸ்பேட் ஏறினால்தான் பிடி விடும். 1998இல் சீக்மன் குழு காட்டியது இது. அதே ஆண்டு ஃபயரும் மெல்லோவும் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வால் ஒரு மரபணுவை அடக்கும் ஆர்.என்.ஏ. குறுக்கீட்டை நிரூபித்தபோது குறிவைத்த மரபணுவும் அன்க்-22தான். இரட்டை இழை ஆர்.என்.ஏ. ஊசி போட்ட புழுவின் குஞ்சுகள் துடித்தன. தட்டைப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும் என்பதால் அது வசதியான மரபணு. 2006இல் அவர்கள் இருவருக்கும் நோபல் பரிசும் வந்தது.

சேர்ந்த வாரத்திலேயே நீ செய்யக்கூடியது ஒன்று. அன்க்-22 மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று மட்டும் பழுதான புழு பார்வைக்குச் சாதாரணமாகவே ஊரும். அதையும் முழு ஆரோக்கியமான ஒரு புழுவையும் 1 சதவீத நிகோட்டின் கரைசலில் போடு. ஆரோக்கியமானது இறுகி அசையாமல் கிடக்கும், மற்றது துடிக்கும். இரண்டையும் ஒரே கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்