கசகசாவும் முப்பத்தாறாம் பிரிவும்

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்புள்ள செல்வம்,

நலம். வீட்டில் எல்லோரும் நலமா? உன் இரண்டு கடிதத்துக்கும் பதில் போடவில்லை என்று கோபமாக இருப்பாய். திட்டுவதை நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன், இப்போது அவசரம் வேறு.

நம்ம சைக்கிள் கடை பாயின் சின்ன மகனை அமீரகத்தில் இறங்கியதுமே பிடித்து வைத்திருக்கிறார்கள். பெட்டியில் அம்மா கட்டிக்கொடுத்த குருமா மசாலா, அதோடு கால் கிலோ கசகசா. அவ்வளவுதான். பேரணாம்பட்டில் எந்த மளிகைக் கடையிலும் பொட்டலம் போட்டுத் தரும் சாமான் அங்கே போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. அபினி எடுக்கும் அதே காயின் விதைதானே! விதைக்குள் ஒன்றும் இல்லை. ஆனால் காயைக் கீறும்போது வடியும் பால் விதையின் தோலில் ஒட்டிக்கொள்ளும், கொஞ்சம் மார்ஃபின் தங்கும். 1961ஆம் ஆண்டின் போதைப்பொருள் உடன்படிக்கை விதையைக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கித்தான் வைத்திருக்கிறது. ஆனால் அதே உடன்படிக்கையின் 39ஆவது பிரிவு, எந்த நாடும் தன் எல்லைக்குள் இதைவிடக் கடுமையாக இருக்கலாம் என்கிறது. அதனால் "எங்க ஊரில் சமையல் சாமான்" என்ற வாதம் இரக்கத்துக்கு உதவும், சட்டத்துக்கு உதவாது. அரைத்துவிட்டால் தெரியாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது இன்னும் மோசம். பொடியைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினால் அறிக்கை வரும்வரை பையன் உள்ளேதான்.

சர்வதேசச் சட்ட வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்கினவன் நீ. (அதே வகுப்பில் நாம் 'கடல் சட்டம்' என்று கூப்பிட்ட தோழன் ஆரணியில் பத்திரம் எழுதிக்கொண்டு நன்றாக இருக்கிறான், விசாரித்தான்.) இப்போது முழித்துக்கொண்டு படி, ஏனென்றால் அந்தப் பையன் கையில் இருக்கும் ஒரே கயிறு இதுதான். நியாயமான விசாரணை, இலவச மொழிபெயர்ப்பாளர் என்றெல்லாம் பேசும் 1966ஆம் ஆண்டின் குடிமை, அரசியல் உரிமை ஒப்பந்தத்தில் அமீரகமும் சேரவில்லை, சவூதியும் சேரவில்லை. தூதரக அதிகாரிகளுக்காக எழுதிய 1963ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையில் அவர்களும் உண்டு, நாமும் உண்டு. அதன் 36ஆவது பிரிவுதான் நம் ஆட்களுக்கு உயிர்.

அதில் இருப்பது மூன்று. ஒருத்தனைப் பிடித்தால், உன் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லும் உரிமை உனக்கு உண்டு என்று போலீசு அவனிடம் தாமதமின்றிச் சொல்லவேண்டும். அவன் கேட்டால் தூதரகத்துக்குத் தகவல் போகவேண்டும். தூதரக அதிகாரி போய்ப் பார்க்கலாம், பேசலாம், கடிதம் வாங்கலாம், வக்கீல் ஏற்பாடு செய்யலாம்.

"கேட்டால்" என்று சொன்னேன் பார், எல்லாம் கவிழ்வது அங்கேதான். பயந்து போய் வாய் திறக்காமல் இருப்பான். அல்லது "தூதரகத்துக்குச் சொன்னால் கஃபீல் (விசா கொடுத்த முதலாளி) கோபித்து ஹுரூப் (ஓடிப்போனான் என்ற புகார்) போட்டுவிடுவான்" என்று கூட இருக்கிறவன் கிளப்பிவிடுவான். அல்லது வேண்டாம் என்று எழுதிய அரபுத் தாளில் புரியாமல் கையெழுத்துப் போட்டுவிடுவான். அவனே எதிர்த்தால் அதிகாரி அவன் சார்பில் ஒன்றும் செய்யக்கூடாது, அதுவும் அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. ஆகவே போன் வந்தால் பாய் முதலில் "சாப்பிட்டியா" என்று கேட்கட்டும், அடுத்த வார்த்தை "தூதரகத்துக்குச் சொல்லச் சொன்னியா" என்பதாக இருக்கட்டும். போலீசிடம் அவன் சொல்ல "சிஃபாரா ஹிந்தியா", அதாவது இந்தியத் தூதரகம், என்ற இரண்டே அரபுச் சொல் போதும். எந்தக் காவலருக்கும் புரியும்.

இந்த உரிமை நாட்டுக்கு மட்டுமில்லை, தனி ஆளுக்கும் உண்டு என்று, அமெரிக்காவில் பிடிபட்ட தன் குடிமக்களான லாகிராண்ட் சகோதரர்களுக்காக ஜெர்மனி தொடுத்த வழக்கில் ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றம் 2001இல் சொன்னது. ஆனால் அந்தச் சகோதரர்கள் இருவரையும் 1999லேயே அரிசோனாவில் மரண தண்டனை கொடுத்து முடித்துவிட்டார்கள்: ஒருவருக்கு ஊசி, ஒருவருக்கு விஷவாயு. உளவாளி என்று பாகிஸ்தான் மரண தண்டனை விதித்த நம் ஆள் குல்பூஷண் ஜாதவ் வழக்கு உனக்குத் தெரியும். 2016 மார்ச் 3இல் பிடித்ததைப் பாகிஸ்தான் 25ஆம் தேதிதான் நமக்குச் சொன்னது. அந்த மூன்று வாரமே மீறல் என்று 2019 ஜூலை 17இல் அதே நீதிமன்றத்தின் தீர்ப்பு, 15 நீதிபதிகளுக்கு எதிராக 1. ஆனாலும் கிடைத்தது விடுதலை இல்லை, மறுபரிசீலனை. பாயிடம் இதை ஒளிக்காமல் சொல். 36ஆவது பிரிவு கதவைத் திறந்துவிடாது. ஆரம்பத்திலேயே பிடித்தால், புரியாத தாளில் கையெழுத்து விழுவதற்கு முன்னால் ஒரு வக்கீலை உள்ளே கொண்டுவரும். அதற்குமேல் இதனிடம் எதிர்பார்க்கவேண்டாம், அதுவே பெரிசு.

நீ செய்யவேண்டியது: பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், கடைசிப் பக்கம், விசா, டிக்கெட் எல்லாவற்றையும் தெளிவாகப் படம் எடு. எடுத்துப்போன பொட்டலத்தில் கடைச் சீட்டு இருந்தால், வீட்டில் பில் இருந்தால் அதுவும் வேண்டும். சமையலுக்கு வாங்கியது என்று வக்கீல் காட்ட அது உதவும். கடைசியாகப் பேசிய தேதி, நேரம், எந்த எண்ணிலிருந்து வந்தது, இதையெல்லாம் பாயே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். வெளியுறவு அமைச்சகத்தின் மதாத் என்ற புகார்த் தளத்தில் நான் பதிவு செய்கிறேன். எண் கிடைத்ததும் சொல்கிறேன், அந்த எண்ணைச் சொல்லித்தான் பின்தொடரவேண்டும். வக்கீல் செலவுக்கு வழியில்லை என்றால் தூதரகத்தில் இந்தியச் சமூக நல நிதி இருக்கிறது, அதற்குத் தனியாக மனு எழுதித் தருகிறேன்.

"பணம் கொடுங்கள், வெளியே எடுத்துவிடுகிறேன்" என்று ஒரு தரகன் வீட்டுக்கு வந்தானாமே. அவனுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவிடாதே! அம்மா நகையைக் கழற்றிக்கொண்டிருப்பார், தடு.

தண்டனையே விழுந்தாலும் மிச்சத்தை இங்கே வந்து கழிக்க இந்தியாவும் அமீரகமும் 2011இல் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. தீர்ப்பு இறுதியாகி, வேறு வழக்கு பாக்கி இல்லாமல், அவனும் இரண்டு அரசும் சம்மதிக்கவேண்டும். அது பிறகு.

இன்னொன்று, நெஞ்சில் உறுத்துகிறது. உங்கள் பக்கத்திலிருந்தும் ஆம்பூர், வாணியம்பாடியிலிருந்தும் போகிறவர்களுக்கு விசா வாங்கித் தருகிறார்கள், டிக்கெட் எடுத்துத் தருகிறார்கள். பெட்டியில் எதை வைக்கக்கூடாது என்று மட்டும் ஒருத்தரும் சொல்வதில்லை. ஜமாஅத்தில் பேசி வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு பத்து நிமிஷம் வாங்கு. கசகசா கூடாது, அது கலந்த மசாலாவும் கூடாது. டிரமடால், கோடீன் உள்ள வலி மாத்திரை, இருமல் மருந்து எல்லாம் முன் அனுமதி இல்லாமல் கூடாது. அடுத்தவர் கொடுக்கும் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் வாங்கக்கூடாது. பெண்களுக்கும் தனியாகச் சொல்ல ஏற்பாடு செய், பெட்டி கட்டுகிறவர்கள் அவர்கள்தான். தூதரக எண்ணைப் போனில் மட்டும் வைக்காமல் மனப்பாடம் செய்யச் சொல், போனைத்தான் முதலில் வாங்கி வைப்பார்கள்.

படங்களை இன்று ராத்திரியே அனுப்பு. உன் கோழிக்கிறுக்கலில் எழுதாமல் உன் மகளை விட்டு எழுதச் சொல், பாஸ்போர்ட் எண்ணில் ஒரு எழுத்து பிசகினாலும் மனு திரும்பி வந்துவிடும்.

அன்புடன்,
முரளி