செங்கல் சூளைப் பிள்ளைகள் படிக்கும் தொடக்கப் பள்ளிக்கு மூன்றாவது ஆசிரியர் கோரி மனு

நாள்: 10.02.2025

அனுப்புநர்
பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி மற்றும் உறுப்பினர்கள்,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி,
திருவள்ளூர் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திருவள்ளூர்.

பொருள்: மூன்றாம் பருவத்தில் கூடும் மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ப ஆசிரியர் வழங்கவும், ஒடியா பேசும் பிள்ளைகளுக்கு மொழித் துணை ஏற்பாடு செய்யவும், பள்ளியின் கற்றல் நிலையை மறு ஆய்வு செய்யவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ஒன்றிலிருந்து ஐந்து வரை எல்லா வகுப்பும் இரண்டே அறைகளில் நடக்கின்றன. இம்மாதத் தொடக்கத்தில் நடந்த ஆய்வில், கற்றல் நிலை சரிந்த பள்ளிகளின் பட்டியலில் எங்கள் பள்ளியும் சேர்க்கப்பட்டு, தலைமை ஆசிரியரிடம் எழுத்துபூர்வமாக விளக்கம் கேட்கப்பட்டிருக்கிறது. அவர் தம் விளக்கத்தைக் கொடுத்துவிட்டார். பெற்றோர் தரப்பில் சொல்ல வேண்டியதை இந்த மனுவில் எழுதியிருக்கிறோம்.

மூன்றாம் வகுப்பை மட்டும் பாருங்கள். அரையாண்டு விடுமுறைக்கு முன் அதில் 11 பிள்ளைகள். அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தின் மதிப்பீட்டில் பிள்ளைகளை அரும்பு (தொடக்க நிலை), மொட்டு (இடைநிலை), மலர் (வகுப்புக்கேற்ற நிலை) என்று பிரிப்பது தாங்கள் அறிந்ததே. தமிழில் 7 பேர் மலர் நிலையில் இருந்தார்கள். அதாவது நூற்றுக்கு 64 பேர். ஜனவரியில் செங்கல் சூளைகளிலிருந்து 8 பிள்ளைகள் வந்து அதே வகுப்பில் சேர்ந்தார்கள். இப்போது 19 பேரில் 7 பேர் மலர். நூற்றுக்கு 37 ஆகிவிட்டது. அந்த ஏழு பேரும் இருந்த இடத்தில்தான் இருக்கிறார்கள். ஒரு பிள்ளைகூடக் கீழே இறங்கவில்லை. ஆனால் அறிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு, ஒரே மாதத்தில் பள்ளி கெட்டுப் போனது போலத்தான் தெரியும்.

இது இந்த ஆண்டில் மட்டும் நடந்ததல்ல. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் நம் மாவட்டத்துச் சூளைகளில் வேலை தொடங்கும். ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா பக்கத்திலிருந்து முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். அடுத்த மழைக்கு முன் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று முடிவு செய்யும் பணியாளர் நிர்ணயத்துக்கு மாணவர் எண்ணிக்கை எடுப்பதோ ஆகஸ்ட் 1 அன்று. அந்த நாளில் சூளைப் பிள்ளை ஒருவர்கூட எங்கள் பதிவேட்டில் இருக்க வழியில்லை. சென்ற ஆகஸ்டில் 54 பிள்ளைகள் இருந்தார்கள். இன்று வருகைப் பதிவேட்டில் 87 பேர். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இன் அட்டவணைப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூன்று பேர் வேண்டும். மூன்றாவது ஆசிரியருக்கு உரிய எண்ணிக்கை எங்களிடம் மூன்றாம் பருவம் முழுக்க இருக்கிறது. எண்ணும் நாளில் மட்டும் இருப்பதில்லை.

பள்ளியில் யார் படிக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஊரில் வசதி உள்ளவர்களின் பிள்ளைகள் காலையில் வேன் ஏறித் தனியார் பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். 25 சதவீத இடஒதுக்கீட்டில் அரசு கட்டணம் கட்ட, அங்கே போகிறவர்களும் உண்டு. அதைக் குறையாகச் சொல்லவில்லை; எங்களில் சிலரும் விண்ணப்பம் போட்டுக் குலுக்கலில் கிடைக்காமல் போனவர்கள்தான். மீதி இருப்பது காலனிப் பிள்ளைகளும் இருளர் குடியிருப்புப் பிள்ளைகளும். இருளர் குடும்பங்கள் மரம் வெட்டும் வேலைக்கு வெளியூர் போனால் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவார்கள். திரும்பி வர மூன்று வாரமும் ஆகும், இரண்டு மாதமும் ஆகும். காலை உணவுத் திட்டம் எங்கள் பள்ளிக்கு வந்த பிறகு உள்ளூரில் இருக்கும் பிள்ளைகளின் வருகை நன்றாகவே கூடியிருக்கிறது. வெளியூர் போன பிள்ளைக்கு அது என்ன செய்யும்?

இந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பு வராது என்று ஆய்வுக்கு வந்த அலுவலர் ஒருவர் எங்கள் காதுபடச் சொல்லிவிட்டுப் போனார். நான்காம் வகுப்பில் ஜனவரியில் சேர்ந்த ஒரு பெண் பிள்ளை இருக்கிறாள். கரும்பலகையில் 348ஐயும் 275ஐயும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டச் சொன்னால், நாம் விரல் மடக்கி முடிப்பதற்குள் 623 என்று எழுதிவிடுவாள். சூளையில் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. அம்மா அறுத்துப் போட்ட கல்லை வரிசை பிசகாமல் எண்ணிச் சொல்லும் பிள்ளைக்குக் கூட்டல் ஒரு பாரமா? அதே கணக்கைத் தமிழில் வாக்கியமாக எழுதிக் கொடுத்தால் முதல் எழுத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறாள். மதிப்பீட்டைப் பதியும் செயலியில் அவள் கணக்குப் பாடத்திலும் அரும்பு. அவளுக்கு ஒடியாவில் கேட்டு, ஒடியாவில் பதில் வாங்க ஆள் இருந்தால் எந்த நிலையில் இருப்பாள் என்று எங்கள் ஆசிரியருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

தமிழ் வேண்டாம் என்று நாங்கள் கேட்கவில்லை. வந்த சில வாரங்களிலேயே எங்கள் பிள்ளைகளோடு சண்டை போடும் அளவுக்குத் தமிழ் பேசுகிறார்கள்; எழுத்தும் கற்றுக்கொள்ளட்டும். ஆனால் படிக்கத் தெரிந்ததை மறந்துவிடாமல் இருக்கவும், ஜூனில் ஊருக்குப் போனால் அங்குள்ள வகுப்பில் உட்காரவும் அவர்களுக்கு ஒடியாவும் வேண்டும். பயிற்றுமொழி இயன்றவரை பிள்ளையின் தாய்மொழியாக இருக்க வேண்டும் என்று சட்டத்தின் 29ஆவது பிரிவு சொல்கிறது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கப்பட்டவர்களுக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்பது 4ஆவது பிரிவு. புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகளின் சேர்க்கையை உறுதி செய்யும் கடமை உள்ளாட்சிக்கு 9ஆவது பிரிவிலேயே இருக்கிறது. சூளை வளாகத்திலேயே ஒடியாவில் வகுப்பு நடத்தியதும், ஒடிசாவிலிருந்து பாடநூல் வரவழைத்ததும் இதே திருவள்ளூர் மாவட்டத்தில் முன்பு நடந்தவை. ஆகவே முன்மாதிரி தேடி வேறெங்கும் போக வேண்டியதில்லை.

எங்கள் ஆசிரியர்கள் இருவரும் சும்மா இருக்கவில்லை என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறோம். ஆகஸ்டுக்குப் பிறகு கூடிய இந்த 33 சூளைப் பிள்ளைகளும் தாங்களாக வந்தவர்கள் அல்லர். தலைமை ஆசிரியர் சூளைக்கே போய், மேஸ்திரியிடமும் பெற்றோரிடமும் பேசி அழைத்து வந்தார். மாற்றுச் சான்றிதழ் இல்லை, பலருக்கு ஆதார் இல்லை. இருந்தும் யாரையும் திருப்பி அனுப்பவில்லை. அவர் அந்தப் பக்கமே போகாமல் இருந்திருந்தால் மூன்றாம் வகுப்பின் 64 சதவீதம் அப்படியே இருந்திருக்கும். விளக்கம் கேட்கும் கடிதமும் வந்திருக்காது. பிள்ளைகளைச் சேர்த்த பள்ளிக்குத் தாழ்ந்த மதிப்பெண், சேர்க்காத பள்ளிக்கு நல்ல பெயர் என்றால், அடுத்த ஆண்டு எந்தத் தலைமை ஆசிரியர் சூளைப் பக்கம் போவார்?

ஆகவே ஐயா அவர்கள் கனிவுடன் பரிசீலித்துக் கீழ்க்காணும் உதவிகளைச் செய்ய வேண்டுகிறோம். முதலாவதும் அவசரமானதும் ஆசிரியர்தான்: வட்டாரத்தில் உபரியாக உள்ள இடைநிலை ஆசிரியர் ஒருவரை இந்த மாதமே மாற்றுப் பணியில் எங்கள் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். ஆண்டுத் தேர்வுக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது. சூளை அதிகமுள்ள ஒன்றியங்களில் ஆகஸ்ட் எண்ணிக்கையோடு ஜனவரி இறுதியில் இன்னொரு முறையும் எண்ணி, அதன்படி ஜூன் வரை தற்காலிக ஆசிரியர் வழங்கப் பள்ளிக் கல்வித் துறைக்குத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டும். சூளைத் தொழிலாளர்களிலேயே எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு வரை படித்த ஒடியாப் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு மதிப்பூதியம் கொடுத்துத் தன்னார்வலராக அமர்த்தினால் போதும். சூளை முதலாளி அதற்குத் தடை சொல்லாதபடி தங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு வார்த்தை போக வேண்டும். நாங்கள் சொன்னால் கேட்க மாட்டார். கற்றல் நிலையைப் பொறுத்தவரை, ஜூனிலிருந்து படிப்பவர்களையும் ஜனவரியில் சேர்ந்தவர்களையும் தனித்தனியே கணக்கிட்டு மறு ஆய்வு செய்து, தலைமை ஆசிரியரிடம் கேட்கப்பட்ட விளக்கத்தின் மீதான மேல் நடவடிக்கையைக் கைவிட ஆவன செய்ய வேண்டும்.

நேரில் வந்து பார்வையிடுவதாக இருந்தால், காலை உணவு நேரத்தில் வருமாறு கேட்டுக்கொள்கிறோம். 87 பேரையும் ஒரே இடத்தில் பார்க்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி மற்றும் உறுப்பினர்கள்

இணைப்பு: ஆகஸ்ட், பிப்ரவரி மாத வருகைப் பதிவேட்டு நகல்கள், மூன்றாம் வகுப்பு மதிப்பீட்டு நகல், பெற்றோர் கையொப்பங்கள்.