ஸ்டீல்காரரின் காலைக் கட்டிப்போடு

அன்புள்ள சேகர்,

நாலு மாதமாகப் பதில் போடவில்லை. திட்டுவதையெல்லாம் திட்டி முடித்துவிட்டு மேலே படி. வீட்டில் எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால்தான் படுத்துகிறது. ரமணி அதே ரமணிதான். அந்த அறுநூறு ரூபாயைப் பற்றி இன்றுவரை வாயே திறக்கவில்லை.

உன் ஒத்திகைப் பதிவை மூன்று தடவை கேட்டேன். அமெரிக்க கன்ட்ரி பாடகர் மெர்ல் ஹாகர்ட் 2001-இல் போட்ட 'ரூட்ஸ்' தொகுப்பு மாதிரி, பழைய ஹாங்கி டாங்க் பாட்டுகளுக்கு, அதாவது மதுக்கடை மேடைகளில் வளர்ந்த கன்ட்ரி பாட்டுகளுக்கு, மரியாதை செய்யப்போகிறோம் என்று எழுதியிருந்தாய். நல்ல ஆசை. ஆனால் நீங்கள் வாசித்திருப்பது மரியாதை இல்லையடா, திவசம்.

நீ பாடியிருக்கும் 'ஆல்வேஸ் லேட்', ஹாகர்டுக்கு முந்தைய தலைமுறைப் பாடகர் லெஃப்டி ஃப்ரிஸல் 1951-இல் பாடியது. ஸ்டீல் கிட்டாரில் கம்பி அதிர்ந்துகொண்டிருக்கும்போதே பெடலை மிதித்துச் சுருதியை ஏற்றுகிற அந்த அழுகைச் சத்தத்தை ஊரறியச் செய்தவர் பட் ஐசக்ஸ். அதுவும் வெப் பியர்ஸின் 'ஸ்லோலி' பாட்டில், 1954-இல்தான். உங்கள் ஸ்டீல்காரர் என்ன செய்கிறார்? இ-9 என்ற சுருதி அமைப்பில் முதல் இரண்டு பெடலையும் சேர்த்து மிதிக்கிறார். பி கம்பி சி ஷார்ப்புக்கு ஏறுகிறது, ஜி ஷார்ப் கம்பி ஏ-வுக்கு ஏறுகிறது, கம்பிகள்மேல் வைத்து நகர்த்தக் கையில் பிடிக்கும் உலோகத் தண்டான பாரை நகர்த்தாமலே இ கார்டு ஏ கார்டாகிவிடுகிறது. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 1951 பாட்டில் அது வந்தால், ராஜா நாடகத்தில் தளபதி கையில் வாட்ச் கட்டிக்கொண்டு வந்த மாதிரி.

அவரைக் காலைத் தூக்கச் சொல். அன்றைய ஆட்கள் பாரைச் சாய்த்துப் பிடித்துத்தான் இந்த வேலையைச் செய்தார்கள். சாய்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு: மேலே போகப்போக ஃபிரெட்டுகளுக்கு, அதாவது ஸ்வர இடம் காட்டும் கோடுகளுக்கு, இடையே தூரம் குறுகும், அதனால் மூன்றாம் ஃபிரெட்டில் பழகிய சாய்வு பத்தாம் ஃபிரெட்டில் அபஸ்வரமாகும். ஒவ்வொரு இடத்துக்கும் கோணத்தைத் தனித்தனியாகக் கை பழக வேண்டும். ஒரு வாரம் ஆகும். ஆகட்டும்.

பாஸும் அதே கோளாறுதான். பையன் நாலு அடிக்கும் நாலு ஸ்வரம் நடக்கிறான். அந்த நடை ரே பிரைஸின் 'கிரேஸி ஆர்ம்ஸ்' பாட்டுடையது, 1956. லெஃப்டிக்கு ஒன்றிலும் மூன்றிலும் மட்டும் பாஸ், இரண்டிலும் நாலிலும் கிட்டாரில் 'சக்' என்று வெட்டி நிற்கிற அடி. அந்த 'சக்' வர வேண்டுமானால் அடித்த உடனே இடது கை விரல்களைத் தளர்த்த வேண்டும். கம்பியைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அழுத்தக் கூடாது. முழுசாக எடுத்தால் கம்பி கணகணக்கும். நாலும் நடந்தால் இன்னொரு வினையும் உண்டு. குரல் அசைவதற்கு இடமே இருக்காது.

குரல் என்றதும் உன்னிடம் வருகிறேன். இதற்காகத்தான் இத்தனை பக்கமும்.

லெஃப்டியின் சொத்து முழுக்க உயிரெழுத்தில் இருக்கிறது. ஓர் அசையை எடுத்து மூன்று நாலு ஸ்வரத்துக்கு இழைத்துவிடுவார். அது ஆட்டம் இல்லை, வழுக்கல். சுந்தரம் சார் வகுப்பில் உனக்குக் கடைசிவரை வராமல் போனதே அந்த ஜாரு, அதேதான். நீ என்ன செய்கிறாய் என்றால் 'லேட்' என்பதன் 'ட்'டை அவசரமாக மூடிவிட்டு, மிச்ச நேரத்தில் தொண்டையை உதறுகிறாய். 'லே'யைக் கீழிருந்து தொட்டு ஏறு, நில், இறங்கு. இறங்கி முடிந்த பிறகு, மூச்சு தீரப்போகும்போது 'ட்' வரட்டும். எல்லாச் சொல்லையும் வளைக்காதே, வரிக்கு ஒன்று போதும். எல்லாம் வளைந்தால் குடித்துவிட்டுப் பாடுகிற மாதிரி இருக்கும். பாட்டு குடியைப் பற்றியதாக இருக்கலாம், பாடுகிறவன் நிதானமாக இருக்க வேண்டும்.

ஹாகர்டிடம் கற்க வேண்டியது இதைத்தான். அவர் அச்சாகப் பிறர் குரலில் பாடக்கூடியவர். சிறுவனாக பேக்கர்ஸ்ஃபீல்டில் லெஃப்டியைப் பார்க்கப் போனபோது, இவன் பாடட்டும் என்று லெஃப்டியே மேடையில் ஏற்றித் தன் கிட்டாரையும் கொடுத்தார். அப்படிப்பட்டவர் அறுபது தாண்டி அதே பாட்டுகளுக்கு வந்தபோது லெஃப்டி மாதிரி பாடவில்லை. வளைவை வைத்துக்கொண்டார், குரலைத் தன் வயதுக்குத் தாழ்த்திக்கொண்டார். உன் இரண்டரைக் கட்டைக்கும் அதுவே கதி. சுருதியைக் கூச்சப்படாமல் இறக்கு.

அந்தத் தொகுப்பு ஹாகர்ட் வீட்டுக் கூடத்தில், எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, பிறகு தனியாக எதையும் பதிவு செய்து சேர்க்காமல் பதிவானது. லெஃப்டியின் பழைய கிட்டார்காரர் நார்மன் ஸ்டீஃபன்ஸையே கூட்டிவந்து பக்கத்தில் உட்கார வைத்தார். நீயும் அப்படியே பதிவு செய்யப்போகிறாயாமே. செய். ஆனால் ஒரே அறையில் உன் குரல் ஃபிடில்காரரின் மைக்கிலும் விழும். ஒரு வரி பிசகினால் அதை மட்டும் மாற்ற முடியாது, பாட்டை முதலிலிருந்து எடுக்க வேண்டியதுதான். டிரம்ஸுக்குக் குச்சி வேண்டாம், பிரஷ் கொடு. ஆம்ப்ளிஃபையரின் முகம் உன் மைக்கைப் பார்க்காமல் திரும்பியிருக்கட்டும்.

பியானோவைத் தூக்கிவிட்டதாக எழுதியிருக்கிறாய். யார் சொன்ன யோசனை, ரமணியா? 1950-இல் வந்த 'இஃப் யூவ் காட் த மணி'யில் பாதி உயிர் மேட்ஜ் சூட்டி என்ற பெண்மணியின் பியானோதான். திருப்பிப் போடு.

அந்தப் பாட்டு பதிவானது டல்லாஸில், ஜிம் பெக்கின் ஸ்டுடியோவில். பெக் 1956-இல் பதிவு இயந்திரத்தை கார்பன் டெட்ராகுளோரைடு போட்டுச் சுத்தம் செய்தபோது அந்தப் புகையைச் சுவாசித்தே இறந்துபோனார். டல்லாஸுக்கு வந்துகொண்டிருந்த வேலைகள் நாஷ்வில்லுக்குப் போய்விட்டன. லெஃப்டி 1975-இல் போனபோது வயது 47. நமக்கு இப்போது எத்தனை என்று கணக்குப் போட்டேன், நீயும் போட்டிருப்பாய். நடுவில் இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. உன் பதிவை நிறுத்திவிட்டு அசலைப் போட்டேன், அதனால் இருக்கலாம்.

'வைல்ட் சைட் ஆஃப் லைஃப்' மட்டும் நன்றாக வந்திருக்கிறது, அதில் கை வைக்காதே. அடுத்த பதிவை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு. ஸ்டீல்காரர் கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்.

அன்புடன்,
முரளி